வீட்டார் அனைவருக்கும் ஒரே தொடுகறி: ஓவனில் வாட்டிய உருளைக்கிழங்கு

அபிராமத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார். அறுபதைக் கடந்தவர், மிளகாய் பயிரிடுபவர். பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளவர். ஒரு நாள் விடியற்காலையில், உடல் முழுவதும் வியர்த்து, பேச்சுக் குழறிய நிலையில் அவரை வீட்டார் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். அவருடைய இரத்தச் சர்க்கரை, டெசிலிட்டருக்கு 46 மில்லிகிராம் என்ற அளவுக்குத் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் செலுத்தியபின் தெளிந்து எழுந்து அமர்ந்தார்.

இரவு என்ன உண்டார் என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. அவருடைய மனைவிதான் கூறினார்: "ரெண்டு சப்பாத்தி வச்சேன் டாக்டரய்யா. ஒரு வாய் தின்னுட்டுத் தள்ளி வச்சுட்டாக." ஆனால் இரவு மாத்திரையை மட்டும் அவர் தவறாமல் விழுங்கியிருக்கிறார். உணவு இன்றி மாத்திரை மட்டும் உள்ளே சென்றால் சர்க்கரை தாழ்வது இயல்பு.

சற்று நேரம் கழித்துப் பெரியவரே பேசினார்: "எல்லாரும் சோறும் உருளைக்கிழங்குமா ஒண்ணா உக்காந்து சாப்பிடுறாக. எனக்கு மட்டும் ஏழு மணிக்கே தனியா வச்சுக் குடுத்துர்றாக. திங்கவே பிடிக்கலய்யா."

முந்தைய வருகையின்போது அவருக்கு நான் கொடுத்த உணவுத் தாளை அவருடைய மனைவி பத்திரமாக வைத்திருந்தார். அதில் 'கிழங்கு வகைகள் கூடாது' என்ற வரியின் கீழ் என் கையாலேயே இரண்டு கோடுகள் இட்டிருந்தேன். அந்த அம்மையார் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறார். பிழை அவருடையதன்று. எவ்வளவு, எப்படி, எதனுடன் என்று விளக்காமல் 'கூடாது' என்று ஒரே சொல்லில் முடித்த என்னுடையது.

அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரை. நோயாளிக்கென்று தனிச் சமையல் தேவைப்படாத எளிய தொடுகறி ஒன்றை இதில் விளக்குகிறேன். ஒரே தட்டில் சமைத்து, குடும்பத்தில் யார் எவ்வளவு உண்ணலாம் என்பதையும், யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டால், பந்தியிலிருந்து யாரையும் எழுப்பிவிட வேண்டியதில்லை.

உருளைக்கிழங்கின் மீது உள்ள குற்றச்சாட்டு

இக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியிலிருந்து உலகெங்கும் பரவியது. அது சென்ற இடங்களில் எல்லாம் முதலில் ஐயத்துடனேயே வரவேற்கப்பட்டது. பிரான்சு நாட்டில் 18-ஆம் நூற்றாண்டில் இது தொழுநோயை உண்டாக்கும் என்று மக்கள் அஞ்சினர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படையிடம் சிறைப்பட்ட பார்மாந்தியே என்னும் படை மருந்தாளர், சிறையில் இக்கிழங்கை உண்டு நலமுடன் நாடு திரும்பி, இதன் பயனை எடுத்துரைத்தார். 1772-இல்தான் பாரிசு மருத்துவப் புலம் இதை உண்ணத்தக்கது என்று அறிவித்தது. ஒரு முறை விதித்த தடையை நீக்க மருத்துவ உலகம் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்று நாம் சாட்டும் குற்றம் வேறு: 'உருளைக்கிழங்கு சர்க்கரையை ஏற்றும், எடையைக் கூட்டும்'. இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 17 கிராம் மாவுச்சத்தும் 77 கலோரியும் உள்ளன. 100 கிராம் வடித்த சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்தும் 130 கலோரியும் உள்ளன. எடைக்கு எடை பார்த்தால் சோற்றைவிடக் கிழங்கில் மாவுச்சத்துக் குறைவே. பொட்டாசியம், வைட்டமின் சி, ஓரளவு நார்ச்சத்து ஆகியவையும் இதில் உண்டு.

அவ்வாறாயின் தீங்கு எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, நாம் கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். தட்டு நிறையச் சோறு, அதன்மேல் கிழங்குப் பொரியல் என்று உண்ணும்போது மாவுச்சத்தின்மேல் மாவுச்சத்து ஏறுகிறது. நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ணப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கைச் சேர்ப்பதில்லை. நாமும் அதைச் சோற்றின் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய். எண்ணெயில் பொரித்த வறுவலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயே. 77 கலோரியாக இருந்த 100 கிராம் கிழங்குக்குப் பதிலாக, அதே எடை வறுவலை உண்டால் 500 கலோரிக்கு மேல் உள்ளே செல்கிறது. ஓவனில் வாட்டுவதன் பயன் இங்குதான். ஐந்து பேருக்கான கிழங்குக்கு நான்கு தேக்கரண்டி எண்ணெய் போதும், மொறுமொறுப்பும் கிடைத்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்பதே இதன் பொருள். அத்தனை வீடுகளிலும் ஒருவருக்குத் தனி அடுப்பு மூட்டுவது நீண்ட நாள் நடவாது. வீட்டார் அனைவரும் உண்ணும் உணவையே நோயாளிக்கும் ஏற்றதாக மாற்றிக்கொள்வதுதான் நிலைக்கும்.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

நம் பகுதிக் கடைகளுக்கு நீலகிரிக் கிழங்கு, மேட்டுப்பாளையம் சந்தை வழியாக வருகிறது. வடமாநிலக் கிழங்கும் வருகிறது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968-இல் வெளியிட்ட குஃப்ரி ஜோதி ரகம் நீலகிரியில் நெடுங்காலமாகப் பயிரிடப்படுகிறது. எந்த ஊர்க் கிழங்காயினும் கைக்குக் கெட்டியாக, தோல் சுருங்காமல் இருக்க வேண்டும். அண்மையில் தோண்டிய, தோல் மெலிந்த கிழங்கு வாட்டும்போது சற்று ஈரப்பதமாகவே இருக்கும். சிறிது முதிர்ந்த மாவுக் கிழங்கு மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் அமையும்.

பச்சை நிறம் படர்ந்த கிழங்கையும், நிறைய முளைவிட்ட கிழங்கையும் வாங்க வேண்டாம். அவற்றில் சோலனின் முதலிய நச்சுப்பொருட்கள் மிகுந்திருக்கும். வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு உண்டாகலாம். வேகவைப்பதால் அந்த நஞ்சு நீங்கிவிடுவதில்லை. வீட்டில் கிழங்கை வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பச்சை நிறம் எளிதில் படராது.

தேவையான பொருட்கள் (ஐந்து பேருக்கு)

உருளைக்கிழங்கு – 750 கிராம்
ராமநாதபுரம் முண்டு மிளகாய் – 4 அல்லது 5
பூண்டு – 8 பல்
மிளகு – அரைத் தேக்கரண்டி
சோம்பு – அரைத் தேக்கரண்டி
மஞ்சள்தூள் – கால் தேக்கரண்டி
கறிவேப்பிலை – இரண்டு கொத்து
கடலை எண்ணெய் – 4 தேக்கரண்டி
உப்பு – முக்கால் தேக்கரண்டி (ஏறத்தாழ 4 கிராம்)
எலுமிச்சம்பழம் – 1

முண்டு மிளகாய் நம் மண்ணின் விளைபொருள்; 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டு தடித்த தோல் உடையது; காரமும் மணமும் ஒருங்கே தருவது. விதையை நீக்கிவிட்டால் வயிற்றெரிச்சல் உள்ளவர்களும் ஓரளவு தாங்கிக்கொள்வர். குடற்புண் அல்லது நெஞ்செரிச்சலுக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கான பங்கை மிளகாய் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்து, எலுமிச்சைச்சாறு பிழியாமல் பரிமாறுவது நல்லது.

செய்முறை

1. கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலுடனேயே ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கவும். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருந்தால்தான் ஒன்றுபோல் வேகும். நறுக்கியவற்றை நீரில் அலசவும்.

2. அகன்ற பாத்திரத்தில் இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு, துண்டுகளைப் போட்டு ஐந்து அல்லது ஆறு நிமிடம் வேகவிடவும். கத்தி முனை எளிதில் நுழைய வேண்டும். ஆனால் துண்டு உடையக் கூடாது.

3. நீரை முழுவதும் வடித்துவிட்டு, துண்டுகளை அதே பாத்திரத்தில் சில நிமிடம் ஆவி அடங்க விடவும். பின்னர் மூடியிட்டு நான்கு முறை குலுக்கவும். விளிம்புகள் சற்றுச் சிதைந்து மாவு படரும். பின்னர் மொறுமொறுப்பாவது இந்தச் சிதைந்த விளிம்புகளே.

4. ஓவனை 200 பாகை செல்சியசில் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கவும். ஓடிஜி வகை ஓவனாயின் மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டும் சூடேறும்படி வைக்கவும். மைக்ரோவேவ் அடுப்பில் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் மட்டுமே இது இயலும்.

5. மூன்று தேக்கரண்டி எண்ணெய், மஞ்சள்தூள், உப்பு ஆகியவற்றைத் துண்டுகளுடன் பிசிறி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பவும். நெருக்கிப் பரப்பினால் துண்டுகள் ஆவியில் வெந்து குழையுமே தவிர மொறுமொறுப்பாகா. இடம் போதாவிடின் இரண்டு முறையாக வைக்கவும்.

6. இருபது நிமிடம் கழித்துத் தட்டை வெளியே எடுத்துத் துண்டுகளைத் திருப்பிவிடவும்.

7. இதற்கிடையில் மிளகாயை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, மிளகு, சோம்பு, பூண்டு சேர்த்து உரலில் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளவும். மீதமுள்ள ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இதையும் கறிவேப்பிலையையும் குழைத்து, துண்டுகள்மேல் பிசிறி, மீண்டும் எட்டு முதல் பத்து நிமிடம் ஓவனில் வைக்கவும். இக்கலவையை முதலிலேயே சேர்த்தால் பூண்டும் மிளகாயும் கருகிக் கசக்கும். நெடி கிளம்பி, இழைப்பு நோய் உள்ளவர்களுக்கு இருமலும் வரும்.

8. பொன்னிறம் வந்ததும் எடுத்து, எலுமிச்சைச்சாறு பிழிந்து பரிமாறவும். புளிப்புச் சேரும்போது உப்புக் குறைவாக இருப்பது நாவுக்குத் தெரியாது.

பொன்னிறத்தோடு நிறுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மாவுச்சத்து மிகுந்த உணவை 120 பாகைக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்னும் பொருள் உருவாகிறது. சுவீடன் நாட்டு அறிஞர்கள் 2002-இல் இதை வெளிப்படுத்தினர். விலங்குகளில் நடத்திய ஆய்வுகளில் இது புற்றுநோயை உண்டாக்கியதால், இதைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. நிறம் கருக்கக் கருக்க இதன் அளவு கூடுகிறது. நறுக்கிய துண்டுகளை அலசுவதும் வேகவைத்து நீரை வடிப்பதும் இதைக் குறைக்கின்றன. கருகிய துண்டைக் குழந்தைகள் விரும்பிக் கேட்டாலும் ஒதுக்கிவிடுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில்

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஓவன், உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கும் வீடுகள் நம் பகுதியில் உண்டு. ஓவனே இல்லாத வீடுகள் அவற்றினும் மிகுதி. அடி கனத்த இரும்புத் தோசைக்கல்லோ அகன்ற இரும்புச் சட்டியோ போதும். வேகவைத்து வடித்த துண்டுகளை அதே நான்கு தேக்கரண்டி எண்ணெயில் பிசிறி, கல்லில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூடாமல், மிதமான தீயில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, இருபது நிமிடம் வாட்டவும். இடித்த கலவையைக் கடைசி மூன்று நிமிடத்தில் சேர்க்கவும். ஒட்டுகிறதே என்று மேலும் எண்ணெய் ஊற்றத் தோன்றும்; பொறுத்திருங்கள். அடிப்பக்கம் நன்றாக வாடியதும் துண்டு தானே கல்லை விட்டு வரும்.

யாருக்கு எவ்வளவு?

*நீரிழிவு உள்ளவர்களுக்கு:* இந்த அளவில் நறுக்கிய துண்டுகளில் ஆறு, ஏறத்தாழ 100 கிராம் பச்சைக் கிழங்குக்குச் சமம். ஆறு துண்டுகள் தட்டில் வந்தால், 60 கிராம் சோறு தட்டிலிருந்து குறைய வேண்டும். உங்கள் வீட்டுக் கரண்டியில் எவ்வளவு சோறு கொள்ளும் என்பதை ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால், பிறகு தராசு தேவைப்படாது. தட்டில் பாதி கீரையும் காயும், கால் பகுதி பருப்பு, மீன் அல்லது முட்டை, மீதிக் கால் பகுதி சோறும் கிழங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றையும் கிழங்கையும் பின்னர் உண்டால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் சற்று மட்டுப்படும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், உண்பதற்கு முன் ஒரு முறையும், முதல் வாய் உண்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு துண்டுகள் உங்கள் உடலுக்கு ஏற்றதா, நான்காகக் குறைக்க வேண்டுமா என்பதை அந்த இரண்டு எண்களே கூறிவிடும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், உணவை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. உண்ண மனமில்லாத நாளில் மருந்தின் அளவை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியன சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழே இருந்தாலும், அளவு பார்க்க இயலாவிட்டாலும், நோயாளி நினைவுடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிடில் மறுமுறை கொடுங்கள். நினைவு இழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

*இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு:* ஒரு நாளைக்கு ஒருவர் உண்ணும் மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மேலே கூறிய அளவில் ஒருவர் பங்குக்கு ஒரு கிராமுக்கும் குறைவான உப்பே வரும். எனினும் அதே வேளையில் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் இருந்தால் இந்தக் கணக்குத் தவறிவிடும். கடற்கரை மாவட்டத்தில் வாழும் நாம் கருவாட்டை விட்டுவிட முடியாது. கருவாடு உள்ள நாளில் இத்தொடுகறியை உப்பின்றிச் செய்து, எலுமிச்சையைச் சற்று மிகுதியாகப் பிழிந்துகொள்ளலாம்.

*சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு:* இப்பகுதியை மிகக் கவனத்துடன் படிக்க வேண்டுகிறேன். உருளைக்கிழங்கில் பொட்டாசியம் மிகுதி. 100 கிராமில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் உள்ளது. நலமான சிறுநீரகம் மிகுதியானதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அது இரத்தத்திலேயே தங்கிவிடும். இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6-ஐக் கடந்து ஏறும்போது இதயத் துடிப்பே தடுமாறலாம். எச்சரிக்கை ஏதுமின்றி இதயம் நின்றுவிடவும் கூடும்.

ஆகவே பொட்டாசியம் ஏறியிருப்பதாகக் கூறப்பட்டவர்கள், மருத்துவரோ உணவியல் வல்லுநரோ அனுமதித்த பின்னரே இதை உண்ண வேண்டும். அனுமதி கிடைத்தால், அவர்கள் குறிக்கும் அளவுக் கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் நகமளவு சிறு துண்டுகளாக நறுக்கி, 100 கிராமுக்கு ஒரு லிட்டர் நீர் என்ற கணக்கில் தனிப் பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, நீரைக் கொட்டிவிடுங்கள். இவ்வாறு செய்தால் பொட்டாசியத்தில் ஏறத்தாழ பாதியாவது நீருடன் வெளியேறும். வெறுமனே நீரில் ஊறவைப்பது போதாது. குக்கரில் குறைந்த நீரில் வேகவைப்பதும் பயன் தராது. வடித்த நீரை இரசத்திலோ குழம்பிலோ சேர்க்கக் கூடாது. வெந்த துண்டுகளை உப்பின்றி, அதே ஓவன் தட்டின் ஒரு மூலையில் வைத்து வாட்டினால், அவர் பங்கும் மற்றவர்கள் பங்குடன் ஒன்றாகவே பந்திக்கு வந்துவிடும். அன்றைய நாளில் வாழைப்பழம், இளநீர், பழச்சாறு ஆகியவற்றைச் சேர்த்து உண்ண வேண்டாம்.

இன்னுமோர் எச்சரிக்கை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்கப்படும் உப்பில், சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு இது பெருந்தீங்கு விளைவிக்கும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத் தளர்ச்சிக்கும் தரப்படும் சில மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்துபவை. ஆகவே மருத்துவரிடம் கேட்காமல் அந்த உப்பை எவரும் நோயாளிக்கு வாங்க வேண்டாம். நன்மை என்று எண்ணி வாங்கிய உப்பே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.

*விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கு:* பக்கவாதத்துக்குப் பின்னும், மிக முதிர்ந்த வயதிலும் மொறுமொறுப்பான உணவு தொண்டையில் சிக்கி மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். இவர்களுக்கு வாட்டிய துண்டைக் கொடுக்க வேண்டாம். வேகவைத்த கிழங்கில் ஒரு பங்கை ஓவனில் வைக்குமுன்பே எடுத்து, தோலை நீக்கி, மேலும் குழைய வேகவைத்து, பாலோ தயிரோ சேர்த்துக் கட்டியின்றி மசித்துக் கொடுங்கள். எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, நிமிர்ந்து அமரச் செய்து, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும்.

நோய் ஏதும் இல்லாத குழந்தைகளும் உழைக்கும் வயதினரும் தத்தம் பங்கை மகிழ்ந்து உண்ணலாம். ஆறு துண்டு, ஏழு துண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மீந்துபோனால்

நம் ஊர் வெப்பத்தில் சமைத்த கிழங்கை வெளியே நெடுநேரம் வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், மூடிய பாத்திரத்தில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே உண்டுவிடுங்கள். குளிர்ந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறிவிடுவதால், சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். இது சிறிய நன்மையே. இதை நம்பி அளவைக் கூட்டிவிடக் கூடாது. மீண்டும் உண்ணும்போது ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள்.

அடுத்த வருகையின்போது

அந்தப் பெரியவரின் மாத்திரை அளவை மாற்றி, புதிய உணவுத் தாள் ஒன்றையும் எழுதிக் கொடுத்தேன். 'கூடாது' என்று கோடிட்டிருந்த இடத்தில் 'ஆறு துண்டு. அன்று ஒரு கரண்டி சோறு குறைவு. எல்லாருடனும் சேர்ந்து உண்க' என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது, அவருடைய மருமகள் ஒரு சிறு குறிப்பேட்டை நீட்டினார். கிழங்கு சமைத்த நான்கு நாட்களின் சர்க்கரை அளவும் அதில் இருந்தது. மூன்று நாட்கள் அளவு ஏற்புடையதாகவே இருந்தது. ஒரு நாள் மட்டும் 240. "அன்னைக்குச் சோத்தைக் குறைக்கலய்யா. பேரன் தட்டுலயிருந்தும் ரெண்டு எடுத்துப் போட்டுக்கிட்டேன்," என்று அவரே ஒப்புக்கொண்டார். இழந்த எடையில் ஒன்றரைக் கிலோ மீண்டிருந்தது. இரவுத் தாழ்சர்க்கரை ஒரு முறையும் வரவில்லை.

எனக்கு அந்த 240 வருத்தம் தரவில்லை. மறைக்காமல் சொல்லப்பட்ட ஓர் எண்ணைக் கொண்டு மருத்துவர் ஏதேனும் செய்ய முடியும். தனியே அமர்ந்து, தள்ளிவைக்கப்பட்ட தட்டைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்குத் தனித் தட்டு வைக்கப்படுகிறதா என்பதை இன்று இரவு கவனியுங்கள். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் உணவுகளின் பட்டியலையும், குளுக்கோமீட்டர் குறிப்புகளையும், எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும், பயன்படுத்தும் உப்பின் உறையையும் உடன் கொண்டுவாருங்கள். எதை விலக்குவது என்பதைவிட, எதை எவ்வாறு எல்லாருடனும் சேர்ந்து உண்பது என்பதைப் பேசி முடிவு செய்வோம்.